சமதளத்துச் சான்றிதழ்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். குரலில் அத்தனை மரியாதை. அவர்கள் கல்லூரியில் புத்தாக்க தினம் கொண்டாடுகிறார்களாம். அடித்தட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்களாம். அதில் நான் பேச வேண்டுமாம். ஏழு நிமிடம். போய்வரும் செலவு தருவார்கள், சால்வை உண்டு, மதியச் சாப்பாடும் உண்டு.

"உங்க ஜர்னியைச் சொன்னாப் போதுமுங்க சார். எப்படிக் கஷ்டப்பட்டீங்க, எப்படிச் சாதிச்சீங்க, அவ்வளவுதான். கடைசியில மட்டும் கொஞ்சம் பாசிட்டிவா முடிச்சிருங்க," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பழுது பார்க்க வந்திருந்த மிக்ஸியைத் திறந்து வைத்திருந்தேன். அதை அப்படியே மூடித் தள்ளிவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றேன். என்ன சாதித்தேன்? என் அக்கா இன்று வாசற்படி இறங்குவதற்குச் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். அதுதான் என் சாதனை. அதற்குச் சால்வை போர்த்தப் போகிறார்கள்.

நான் கண்டுபிடிப்பாளன் இல்லை. கீழ் கோத்தகிரிப் பக்கம், பஸ் திரும்பும் ஒரு வளைவில், ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அதற்கு முன்னால் தேயிலை ஃபேக்டரியில் பல வருடம் ஃபிட்டர். எங்கள் வீட்டில் ஃபேக்டரியை இன்றைக்கும் 'ஸ்டோரு' என்றுதான் சொல்வோம். இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் கொண்டுவந்த சொல் அது. அக்கா அங்கே பிறந்து கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவள். நான் இங்கே, லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டில் பிறந்தவன். அக்கா எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றாள். ஓய்வு என்பது காகிதத்தில்தான். மறு வாரமே பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சின்னத் தோட்டக்காரர்களின் தேயிலையை எடுத்துத் தரும் குழு ஒன்றை ஆரம்பித்துவிட்டாள். அவளோடு சேர்த்துப் பதினோரு பேர்.

அந்தக் குழுவுக்கு மானியத்தில் தேயிலை வெட்டும் மெஷின்கள் இரண்டு வந்தன. வெளிநாட்டில் செய்தவை. பேட்டரியை முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் கையில் பிடிக்கும் வெட்டும் தலைக்கு வரும். சீப்புப் பல் போன்ற இரண்டு கத்திகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஓடும். கொழுந்து பின்னால் இருக்கும் பைக்குள் போய் விழும். ஒரே ஒரு பொத்தான். ஒருமுறை அமுக்கினால் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். நடுவில் கையை விட்டாலும், கீழே போட்டாலும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

சொல்லிக்கொடுக்க வந்த கம்பெனி ஆள் நல்லவர்தான். ரோட்டோரத்தில், சமமாக இருந்த நாலு புதரில் ஓட்டிக் காட்டினார். "எந்தக் காரணத்துக்கும் கையை விட்டுராதீங்க. வழுக்குனாலும் மெஷினை இறுக்கிப் புடிச்சுக்கோணும். கை விட்டீங்கன்னா அது எங்க போய் வெட்டும்னு சொல்ல முடியாதுங்க," என்றார். பதினோரு பேரும் தலையை ஆட்டினார்கள். நானும் பக்கத்தில் நின்று ஆட்டினேன். அந்தப் புதர்களுக்கு அந்தப்பக்கம் மலை எப்படிச் சரிந்து இறங்குகிறது என்பதை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நாங்களும் காட்டவில்லை.

அந்த வருட மழையில் குழுவில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். எங்களுக்கு அடுத்த லயத்துக்காரி. சொன்ன சொல் மாறாமல் மெஷினை இறுக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தாள். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அவள் ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்பது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவள் மேல் இல்லை. அவளை அப்படிக் கேட்க வைத்த எல்லோர் மேலும்.

குன்னூரில் ஒரு ரிசார்ட்டுக்கு அவ்வப்போது ரிப்பேர் வேலைக்குப் போவேன். அங்கே கண்ணாடி அறைக்குள் நின்ற இடத்திலேயே நடக்கும் மெஷின் ஒன்று உண்டு. சுற்றிலும் மலையை வைத்துக்கொண்டு, அறைக்குள் நடப்பதற்குக் கரண்ட் செலவழிக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். அந்த மெஷினில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். நடப்பவர் அதைச் சட்டையில் கிளிப் போட்டுக்கொள்ள வேண்டும். கால் தவறி விழுந்தால் கயிறு இழுபடும், மெஷின் நின்றுவிடும். பத்துத் தடவையாவது அதைப் பார்த்திருப்பேன். லயத்துக்காரியின் விரல் போன பிறகு பார்த்தபோதுதான் உறைத்தது. ரிசார்ட்டில் வந்து தங்குபவர் மெத்தைத் தரையில் விழுவதற்கு ஒரு கயிறு இருக்கிறது. கத்தியோடு பாறையில் விழும் பெண்ணுக்கு இல்லை.

செய்வது பெரிய வித்தையில்லை. கதவு திறந்தால் கத்தும் அலாரம் இருக்கிறதல்லவா, அதில் உள்ள காந்த சுவிட்சும், கரண்டைத் துண்டிக்க ஒரு ரிலேயும் போதும். காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டினேன். கயிற்றின் மறுமுனை பெண்ணின் இடுப்பில். எங்கள் பெண்கள் தேயிலைக் குச்சி குத்தாமல் இருக்க இடுப்பிலிருந்து முழங்கால் வரை தடித்த பிளாஸ்டிக் சாக்கு கட்டுவார்கள், படங்கு என்போம். படங்கைக் கட்டும் கயிற்றிலேயே இதையும் முடிந்துகொள்ளலாம். மெஷின் கையை விட்டுப் போனால் காந்தம் பிடுங்கிக்கொள்ளும், கத்தி அந்த நொடியே நின்றுவிடும். ஒரு மெஷினுக்கு அரை நாள் வேலை. மாட்ட நாலு ஸ்க்ரூ.

கயிறு சுலபம். பழக்கம்தான் கஷ்டம். 'பிடித்துக்கொண்டே விழு' என்று படிந்த உடம்புக்கு 'விட்டுவிட்டு விழு' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். விடாவிட்டால் கயிறு இழுபடாது. வாயால் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். பழைய பெரட்டுக்களத்துக்கு, அதாவது காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, எல்லோரையும் கூப்பிட்டாள். கீழே கொழுந்துச் சாக்குகளைப் பரப்பினாள். ஒவ்வொருத்தியையும் கரைமேல் ஏற்றி, பேட்டரி இல்லாத மெஷினைக் கையில் கொடுத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்து, எதிர்பாராத நேரத்தில் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

"ஏன் புடிச்சிக்கிட்டு கெடக்க? ஒன் புருசனா அது? விட்டுட்டு விழு!"

கையை விடாதவளுக்கு மறுபடி ஒரு தள்ளு. களமே சிரித்துக் கிடந்தது. விரல் போனவளும் வந்து தன் பங்குக்கு இரண்டு பேரைத் தள்ளினாள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து அக்காவைத் தள்ளினார்கள். அவள் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு விழுந்தாள். பத்து நாளில் அது அவர்கள் உடம்பின் பழக்கமாகிவிட்டது. கால் வழுக்கினால் கை திறக்கும். யோசிக்கவே வேண்டாம். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு மூன்று முறை வழுக்கி விழுந்தார்கள். மூன்று முறையும் கத்தி நின்றது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் இந்த மெஷின் எங்களுக்கு மட்டுமா வந்தது? இத்தலார், நடுவட்டம் என்று மலை முழுக்க அதே மானியம், அதே மெஷின், அதே 'இறுக்கிப் பிடிச்சுக்கோங்க'. கம்பெனியே கயிறு மாட்டி அனுப்பினால் எத்தனை விரல் மிஞ்சும்? இப்படி யோசித்து அரசாங்கக் கதவுகளைத் தட்டப் போனதுதான் நான் செய்த முதல் தப்பு. புதிதாக ஏதாவது செய்பவனைத் தூக்கிவிட இந்த நாட்டில் எத்தனை ஏற்பாடு இருக்கிறது என்று டிவியில் சொல்கிறார்களே, அதை நம்பினேன்.

முதலில் ஒரு புத்தாக்க மையம். கண்ணாடிக் கட்டிடம், உட்கார்ந்தால் உள்வாங்கும் நாற்காலி. கழுத்தில் ஒரு அடையாள அட்டை மாட்டினார்கள். அதன் நாடாவில் 'புதுமையே வளர்ச்சி' என்று அச்சடித்திருந்தது. ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்:

"இந்தக் கான்செப்ட் ட்ரெட்மில்லுல ஏற்கனவே இருக்குதுங்களே. இதுல நாவல்ட்டி எங்கீங்க?"

"புதுசு இல்லைங்க. ஆனா இந்த மெஷின்ல இல்லைங்களே," என்றேன்.

"சரிங்க, உங்க மார்க்கெட் சைஸ் என்னங்க?"

எனக்குப் புரியவில்லை. எத்தனை பேருக்கு இது வேண்டும் என்கிறார் போல என்று நினைத்து, "பதினோரு பேருங்க," என்றேன். ஐவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்பு. அதுதான் இன்னும் எரிகிறது. புதுசா என்று கேட்டார்கள். பெரிசா என்று கேட்டார்கள். தேவையா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் நிரப்பிய படிவத்தை எட்டிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை.

அடுத்தது, சமவெளியில் இருந்த ஒரு இயந்திரச் சோதனை நிலையம். இங்கே பாஸானால்தான் மெஷின் மானியப் பட்டியலில் ஏறும். அதிகாலை பஸ் பிடித்து இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. முழு மெஷினையும் தயாரித்த கம்பெனி கொண்டுவந்தால்தான் சோதிப்போம், கூடுதலாக மாட்டிய துண்டை மட்டும் சோதிக்க விதியில்லை என்றார்கள். சரி, இந்த மெஷினை எப்படிச் சோதித்தீர்கள், காட்டுங்கள் என்று கெஞ்சினேன். அங்கிருந்த ஆபரேட்டர் வயதானவர், ஒளிவுமறைவு தெரியாதவர். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார்.

செம்பருத்தி வேலி.

"இங்க தேயிலைக்கு எங்கீங்க போறது? இதை மட்டமா வெட்டிவச்சு, அதும்மேல ஓட்டிப் பார்த்துப்போட்டு பாஸ் பண்ணிருவோமுங்க. நல்லாத்தான் வெட்டுச்சு," என்றார்.

தரை கேரம் போர்டு போல இருந்தது. சான்றிதழின் நகலையும் காட்டினார். 'சோதனை நிலம்: சமதளம். இயக்குபவர் பாதுகாப்பு: திருப்திகரம்.' அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். செம்பருத்தி வேலிக்கு முன்னால் செருப்புப் போட்டு நின்ற ஒரு ஆண்பிள்ளைக்குத் திருப்திகரமாக இருந்திருக்கிறது. அதை நம்பித்தான் மழையில், வெறுங்காலோடு, சரிவில் நிற்கிற என் அக்கா கையில் இந்த மெஷினைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயே அவர் முன்னால் கத்திவிட்டேன். பாவம், அவர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெஷினின் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். புரியாத பாஷை. போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தால் பாதி புரியும். கடைசிப் பக்கத்தில், கிழித்துத் தபாலில் போடுவது போல ஓர் அட்டை அச்சடித்திருந்தது. ஒரு மனித உடம்பின் படம், முன்பக்கம், பின்பக்கம். வேலை முடிந்த பிறகு எங்கே வலிக்கிறதோ அங்கே வட்டம் போட்டு அனுப்புங்கள் என்று போட்டிருந்தது. அந்த நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மெஷின் செய்கிறவனுக்கும் அதைச் சுமக்கிறவனுக்கும் நடுவில் ஒரு அட்டையாவது போய்வருகிறது. நாம் மெஷினை வாங்கினோம், கையேட்டை வாங்கினோம், அட்டையையும் வாங்கினோம். போட ஒரு தபால்பெட்டி வைக்கவில்லை. இங்கே என் அக்கா எந்த இடத்தில் வட்டம் போட்டாலும் அதை வாங்கிப் பார்க்க ஒரு மேசை கிடையாது. சால்வை போர்த்த மட்டும் மேடை கட்டுகிறார்கள்.

கண்ணாடிக் கட்டிடத்தில் கொடுத்த நாடா நல்ல உறுதி. இன்னும் இரண்டு கண்காட்சிகளுக்குப் போனேன். அங்கும் நாடாதான் கிடைத்தது. பழைய நைலான் கயிறு நைந்ததும் இவற்றைத்தான் மாட்டினேன். 'புதுமையே வளர்ச்சி' என்பதைப் படங்குக் கயிற்றில் முடிந்துகொண்டு எங்கள் பெண்கள் தேயிலை எடுத்தார்கள். இந்த நாட்டின் புத்தாக்க ஏற்பாட்டிலிருந்து எங்களுக்குக் கிடைத்த உதவி அந்த நாடாக்கள் மட்டும்தான், அதற்குக் குறை சொல்ல மாட்டேன்.

வருடம் முடியும் சமயத்தில் மானியப் பிரிவிலிருந்து போன் வந்தது. அந்த அதிகாரியை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை.

"ஏனுங்கண்ணா, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றேனுங்க. மெஷின் குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கோணும். நீங்க மாட்டிவச்ச அந்தக் கவுறு இருந்துச்சுன்னா, மாற்றம் செஞ்ச மெஷின்னு மானியமே ரத்தாயிருமுங்க. மெஷினைத் திரும்ப எடுத்துக்குவாங்க. போட்டோ எடுத்து ஏத்தறவரைக்கும் கழட்டி வச்சிருங்க. அப்புறம் உங்க இஷ்டமுங்க."

"அது இல்லாம ஓட்டக் கூடாதுங்க. பத்து விரல் வேணுமில்ல?"

"எனக்குத் தெரியாதுங்களா? பட்டியல்ல இல்லாத ஐட்டம். நான் என்னங்க பண்றது? ஒரு அஞ்சு நிமிச வேலை."

அக்காவிடம் சொன்னேன். மெஷின் போனால் குழு போய்விடும். கையால் எடுக்கிற கூலிக்கு இப்போது எந்தத் தோட்டக்காரரும் கூப்பிடுவதில்லை. "அஞ்சு நிமிசந்தானே. கழட்டி வையி. நானே எடுத்துக் காட்டுறேன், வேற யாரையும் நிக்க விட வேணாம்," என்றாள். சாயங்காலம் மெஷின்களைக் கடைக்குக் கொண்டுவந்து, நாலு நாலாக எட்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். நாடாக்களைச் சுருட்டி டிராயரில் போட்டேன்.

காலையில் நல்ல பனிமூட்டம். ராத்திரி பெய்த மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. அதிகாரி வந்தார், மெஷினின் நம்பரைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு போனை எடுத்தார். எந்த இடம் என்று காட்டும் ஜிபிஎஸ் குறிப்போடு படம் அரசாங்கத் தளத்தில் ஏற வேண்டும், மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பின்னால் தோட்டம் தெரிய வேண்டும்.

"அக்கா, கொஞ்சம் மேல ஏறி நில்லுங்க. மலை தெரியோணும். ம்ம், இன்னும் கொஞ்சம். ஓட்டுங்க."

அக்கா பொத்தானை அமுக்கினாள். கத்தி ஓடியது. அவர் படம் எடுத்தார். "ஒண்ணே ஒண்ணு, இந்தப்பக்கம் பாருங்க," என்றார். அக்கா திரும்பினாள். வலது கால் வழுக்கியது.

நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையையும் அகல விரித்தாள். பெரட்டுக்களத்தில் விரித்தாளே, அதே மாதிரி.

மெஷின் நிற்கவில்லை. ஒயர் அவள் முதுகோடு இணைந்திருந்தது, அதனால் அது விலகியும் போகவில்லை. அவள் சரியச் சரிய அதுவும் கூடவே சரிந்தது, ஓடிக்கொண்டே. நான் ஏறிப் போய்ப் பொத்தானை அமுக்கினபோது வலது கால் குதிகாலுக்கு மேலே நரம்பு வெட்டுப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. அக்கா கத்தவில்லை. தன் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விட்டுட்டேனேடா, சரியாத்தானே விட்டேன்," என்றாள்.

அதிகாரி தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் காலைக் கட்டினார். தன் ஜீப்பிலேயே கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து கீழே கோயம்புத்தூருக்கும் கூட்டிப்போனார். வழியெல்லாம் அழுதார். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவர் எடுத்த படம் அதற்குள் ஏறியிருந்தது. பிறகு நான் எழுதிக்கேட்டு வாங்கிய ஆய்வுக் குறிப்பில் இப்படி இருந்தது: 'இயந்திரம் பயன்பாட்டில் உள்ளது. மாற்றங்கள் ஏதும் இல்லை.' கீழே தனியாக விபத்து பற்றி ஒரு வரி: 'பயனாளி இயந்திரத்தை உறுதியாகப் பிடிக்கத் தவறியதால் காயம்.' அவர் கையெழுத்து.

அந்தக் காகிதத்தோடு அவர் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். மேசையைத் தட்டினேன். வேறென்ன எழுத முடியுமுங்க, படிவத்தில் மூன்று காரணம்தான் இருக்கிறது, மெஷின் பழுது, இயற்கைச் சீற்றம், பயனாளி தவறு, அதில் ஒன்றை டிக் பண்ணத்தான் முடியும் என்றார். யோசித்துப் பார்த்தால் எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். புதுசா என்று பார்ப்பவர் பார்த்தார். சமதளத்தில் ஓட்டுபவர் ஓட்டினார். பட்டியலைக் காப்பவர் காத்தார். கம்பெனிக்காரரும் அன்றைக்கே சொன்னார், கையை விடாதீர்கள் என்று. கையை விடச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

மறுநாளே இரண்டு மெஷினிலும் கயிற்றைத் திரும்ப மாட்டிவிட்டேன். இன்றுவரை எந்த அனுமதியும் இல்லை. மீதிப் பத்துப் பேரும் அதோடுதான் வெட்டுகிறார்கள். அக்கா இப்போது சரிவில் இறங்குவதில்லை. மேலே ரோட்டோரத்தில் உட்கார்ந்து கொழுந்தை நிறுத்துக் கொடுக்கிறாள்.

புத்தாக்க தினத்துப் பெண்ணின் போன் வந்த அன்று சாயங்காலம் இதையெல்லாம் அக்காவிடம் கொட்டினேன். அவள் படியில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். போகவே மாட்டேன் என்றேன். பிறகு, போவேன், போய் அந்த மேடையிலேயே எல்லோர் மானத்தையும் வாங்குவேன் என்றேன். கண்ணாடிக் கட்டிடத்துக்காரர்கள், செம்பருத்தி வேலிக்காரர்கள், பட்டியல்காரர்கள் என்று ஒவ்வொருவரையும் எப்படிக் கிழிக்கப் போகிறேன் என்று நின்றபடியே பேசிக் காட்டினேன். ஏழு நிமிடத்துக்கு மேலேயே பேசியிருப்பேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். தைலப் பாட்டிலை மூடினாள்.

"போயிட்டு வா. சொல்ல வேண்டியதுதான், எல்லாத்தையும் சொல்லு," என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள்.

"ஸ்க்ரூவக் கழட்டினது யாருன்னும் சொல்லிட்டு வா. கழட்டச் சொன்னது யாருன்னும் சொல்லு. என் பேரையும் சேத்துக்க."

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, வருகிறேன் என்றேன். பேச்சுக்கு ஒரு தலைப்பு வேண்டும், அழைப்பிதழில் அச்சடிக்க என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். டிராயரைத் திறந்து, அந்த எட்டு ஸ்க்ரூவைக் கழற்றிய ஸ்க்ரூட்ரைவரை எடுத்துப் பையில் வைத்தேன்.